புராஸ்டேட் புற்றுநோய்: பயாப்ஸிக்குப் பிறகு கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி

நன்னிலத்தில் ஓர் அஸர் நேரம். தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தூணோரம் ஒரு சகோதரர் காத்திருந்தார். கையில் மஞ்சள் நிறக் கவர். "ஹஜ்ரத், அத்தாவுக்குப் பயாப்ஸி ரிப்போர்ட் வந்திருக்கு. கேன்சர்னு போட்டிருக்கு" என்றார்.

அத்தாவுக்கு வயது 68. மூன்று மகன்கள், மூன்று கருத்துகள். துபாயில் இருப்பவர், "உடனே ஆபரேஷன் பண்ணிடணும், பணத்தை நான் அனுப்புறேன்" என்கிறார். சென்னையில் இருப்பவர், "இந்த வயசுல இதெல்லாம் மெதுவாத்தான் வளரும், சும்மா விடுங்க" என்கிறார். ஊரில் இருக்கும் இளையவர் யாரோ சொன்ன ஒரு வெளிநாட்டுப் பரிசோதனையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். அத்தாவோ யாரிடமும் பேசுவதில்லை.

நாம் மருத்துவரல்லர். மதரஸாவில் ஓதி, பிறகு கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள். ஆனால் மஹல்லாவில் இமாமிடம் முதலில் வந்து சேர்வது மார்க்கக் கேள்விகள் மட்டுமல்ல, மருத்துவ அறிக்கைகளும்தான். அந்தக் குடும்பத்தோடு சிறுநீரகவியல் மருத்துவரிடம் நாமும் போனோம். அங்கே கேட்டதையும், அதன் பிறகு தேடிப் படித்ததையும் வைத்தே இதை எழுதுகிறோம். எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறோம்.

இரண்டு கேள்விகள்

"புற்றா, இல்லையா?" என்பது முதல் கேள்வி. பயாப்ஸி அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலைக் கேட்டதும் குடும்பமே நிலைகுலைந்து போவதால், இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. "இந்தப் புற்று எப்படி நடந்துகொள்ளும்? இருக்கும் இடத்திலேயே பல ஆண்டுகள் கிடக்குமா, அல்லது எலும்புக்குப் பரவுமா?"

வேறு பல புற்றுகளைவிட புராஸ்டேட் புற்றில் இந்த இரண்டாவது கேள்விக்கு எடை அதிகம். ஒரே பெயரைத் தாங்கிய இந்த நோய் ஒருவருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராமல் போகலாம். இன்னொருவரை இரண்டு மூன்று ஆண்டுகளில் படுக்கையில் தள்ளலாம். முதலாமவருக்கு அவசர அறுவை தேவையில்லாத சுமை. இரண்டாமவருக்குத் தாமதம் பேராபத்து.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் சிறிய சுரப்பி. வயது ஏற ஏற அது வீங்குவது சாதாரணம். இரவில் நான்கைந்து முறை எழுவது, சிறுநீர் தயங்கித் தயங்கிப் போவது ஆகியவை பெரும்பாலும் அந்தச் சாதாரண வீக்கத்தால் வருபவை, புற்றால் அல்ல. மருத்துவர்கள் எடுக்கச் சொல்லும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் புற்றை மட்டும் காட்டுவதல்ல. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். நல்ல செல்லும் அதைச் சுரக்கும், புற்றுச் செல்லும் சுரக்கும். வீக்கம், கிருமித் தொற்று, சிறுநீர்க் குழாய் போட்டது போன்ற காரணங்களாலும் அந்த எண் ஏறும். ஆகவே ரத்தத்தில் உள்ள எண் சந்தேகத்தை எழுப்புகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பது திசு.

திசு என்ன சொல்கிறது?

பயாப்ஸியில் மருத்துவர் மெல்லிய ஊசியால் புராஸ்டேட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வழக்கமாகப் பன்னிரண்டு துணுக்குகள் எடுக்கிறார். ஒவ்வொன்றும் சேமியா இழை போன்ற ஒரு சிறு துண்டு. அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சிறு கட்டியாக்குகிறார்கள். ஆய்வகத்தில் அதை 'பிளாக்' என்பார்கள். அந்தக் கட்டியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய சீவல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பவர் நோய்க்குறியியல் மருத்துவர். நாம் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் சிகிச்சையின் திசையைத் தீர்மானிப்பதில் அவர் எழுதும் இரண்டு வரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் முதலில் பார்ப்பது செல்களின் அமைப்பை. 1966-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைச் சேர்ந்த டொனால்ட் கிளீசன் என்ற மருத்துவர் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். இன்றும் உலகம் முழுவதும் அதன் திருத்திய வடிவமே பயன்படுகிறது. நம் பகுதிக்காரர்களுக்கு இதை வயலை வைத்தே விளக்கலாம். வரிசை பிடித்து நட்ட சம்பா வயலில் குத்துக்குத்தாக இடைவெளி தெரியும். நல்ல புராஸ்டேட் திசு அப்படித்தான் ஒழுங்காக இருக்கும். புற்றில் அந்த ஒழுங்கு குலைகிறது. ஓரளவு ஒழுங்கு மிஞ்சியிருந்தால் 3, குத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் 4, வரிசையே இல்லாமல் சிதறிக் கிடந்தால் 5. அதிகமாகக் காணப்படும் அமைப்பின் எண்ணையும் அடுத்ததன் எண்ணையும் கூட்டினால் கிளீசன் ஸ்கோர் வந்துவிடும்.

இன்றைய நடைமுறையில் பயாப்ஸி அறிக்கையில் வரும் மிகக் குறைந்த ஸ்கோர் 3+3=6. "பத்துக்கு ஆறா!" என்று பதறுபவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் மிகச் சாதுவான வகை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே இப்போது 1 முதல் 5 வரை 'கிரேடு குரூப்' என்று சேர்த்து எழுதுகிறார்கள். 3+3 என்றால் குரூப் 1. 3+4 என்றால் 2. 4+3 என்றால் 3. கூட்டுத்தொகை 8 என்றால் 4. 9, 10 என்றால் 5. 3+4, 4+3 இரண்டுக்கும் கூட்டுத்தொகை 7 என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலில் வரும் எண்ணே அதிகம் இருப்பது எது என்று சொல்கிறது.

நாம் சொன்ன அந்த அத்தாவுக்குப் பி.எஸ்.ஏ. 7.8. பன்னிரண்டு துணுக்குகளில் இரண்டில் மட்டும் புற்று. கிளீசன் 3+3.

புரதங்கள் எதற்கு?

அமைப்பைப் பார்த்தே இவ்வளவு தெரிகிறது என்றால் புரதங்களைத் தேடுவானேன்? ஒரே ஸ்கோர் உள்ள இருவரின் நோயும் சில சமயம் வெவ்வேறு வழியில் போகிறது. வயலில் நெல்லோடு சேர்ந்து முளைக்கும் சில புல் பூக்கும் வரை நெல் போலவே தெரியும். பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு. செல்லுக்குள் உண்மையில் வேலை செய்பவை புரதங்கள். எது பெருக வைக்கிறது, எது பெருகாமல் தடுக்கிறது என்பதை அவற்றைக் கொண்டு அறியலாம்.

இதைப் பார்க்கும் முறைக்கு இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி என்று பெயர். சுருக்கமாக ஐ.ஹெச்.சி. என்பார்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளைத் திசுச் சீவலில் விடுகிறார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பு நிறமாகும். இல்லாத இடம் நிறம் மாறாது. மார்பகப் புற்றுக்கு ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று பார்க்கிறார்களே, அதே முறைதான். நம் குடும்பங்களில் பல பெண்களின் அறிக்கைகளில் இதைப் பார்த்திருப்போம். புராஸ்டேட் புற்றில் அதிகம் ஆராயப்பட்ட சில புரதங்களைப் பார்ப்போம்.

கே.ஐ-67: ஜெர்மனியின் கீல் நகரில் 1983-ல் இதைக் கண்டறியும் எதிர்ப்புப் பொருள் அறிவிக்கப்பட்டது, பெயரிலுள்ள எழுத்துகள் அந்த நகரைக் குறிப்பவை. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் மட்டும் இந்தப் புரதம் தெரியும். நூறு செல்லில் எத்தனை செல் பெருக்கத்தில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். புராஸ்டேட் புற்றில் இந்த எண் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். அது உயர்ந்திருந்தால் நோய் வேகமாகப் போகக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

பீ-டென்: இது ஒரு பிரேக். செல் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் புரதம். 1997-ல் அடையாளம் காணப்பட்டது. சுரப்பிக்குள்ளேயே இருக்கும் ஆரம்ப நிலைப் புற்றில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது தொலைந்து போயிருக்கிறது. முற்றிய நிலையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. ஆய்வகத்தில் இதைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. பக்கத்திலுள்ள நல்ல செல்கள் பழுப்பாகவும் புற்றுச் செல்கள் வெளுத்தும் தெரிந்தால் பிரேக் போய்விட்டது என்று அறியலாம். 3+3 என்று வந்த பயாப்ஸியில் பீ-டென் இல்லை என்றால், ஊசி படாத இடத்தில் இதைவிடத் தீவிரமான புற்று ஒளிந்திருக்க வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

ஈ.இசட்.ஹெச்-2: இதைப் பற்றிய முக்கியமான ஆய்வு 2002-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. செய்தவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் தலைமையிலான குழுவினர். பெயரைப் படித்ததும் நமக்கு நம்மூர்க்காரர் போலவே தோன்றியது. பல மரபணுக்களை 'பேசாதே' என்று அடக்கிவைக்கும் புரதம் இது. பரவிய புற்றில் இது மிகுந்திருப்பதையும், பரவாத புற்றிலேயே மிகுந்திருந்தால் அறுவைக்குப் பிறகு நோய் திரும்பும் அபாயம் கூடுவதையும் அவர்கள் காட்டினார்கள்.

ஈ.ஆர்.ஜி.: அதே குழு 2005-ல் 'சயன்ஸ்' இதழில் இன்னொன்றை வெளியிட்டது. புராஸ்டேட் புற்றுச் செல்களில் இரண்டு மரபணுக்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதன் விளைவாக ஈ.ஆர்.ஜி. புரதம் அளவுக்கு மீறி உண்டாகிறது. மேலைநாட்டு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த இணைவு உண்டு. வட இந்திய நோயாளிகளை வைத்து 2015-ல் வெளிவந்த ஆய்விலும் ஏறத்தாழ பாதிதான் வந்தது. சீனா, ஜப்பான் நாடுகளில் இதைவிடக் குறைவு. இதில் ஒரு பாடம் இருக்கிறது. புற்று எப்படித் தோன்றுகிறது என்பதை விளக்கும் பெரும் கண்டுபிடிப்பு இது. ஆனால் ஈ.ஆர்.ஜி. இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து, இவருக்கு நோய் முற்றும், இவருக்கு முற்றாது என்று சொல்ல முடியவில்லை. ஆய்வுலகில் புகழ் பெற்ற புரதம் எல்லாமே நோயாளியின் நாளையைச் சொல்லிவிடுவதில்லை.

ஸ்பிங்க்-1: ஈ.ஆர்.ஜி. இல்லாத நோயாளிகளில் சிலருக்கு, மொத்தத்தில் சுமார் பத்தில் ஒருவருக்கு, இந்தப் புரதம் மிகுந்திருக்கிறது. இதை ஆழமாக ஆராய்ந்து வருபவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியை புஷ்ரா அதீக். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்று, மிச்சிகனில் அருள் சின்னையன் குழுவில் பணியாற்றி, நாடு திரும்பியவர். முற்றிய புராஸ்டேட் புற்றுக்கு ஆண் ஹார்மோனை அடக்கும் சிகிச்சை தருவார்கள். அந்த ஹார்மோன் இதுவரை அடக்கிவைத்திருந்த ஸ்பிங்க்-1, சிகிச்சை தொடங்கியதும் தலைதூக்கக்கூடும் என்று அவர் குழு 2020-ல் வெளியிட்டது. அதே ஆண்டில் நாட்டின் உயரிய அறிவியல் விருதான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது மருத்துவ அறிவியல் பிரிவில் அவருக்குக் கிடைத்தது. பெண் பிள்ளைகளைப் பட்டப்படிப்போடு நிறுத்தலாமா, மேலே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு இந்தப் பெயரை நாம் அடிக்கடி சொல்வதுண்டு.

அப்படியானால் எல்லோரும் இதைச் செய்ய வேண்டுமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஒரு புரதத்தை மட்டும் பார்ப்பதைவிட எட்டுப் புரதங்களைச் சேர்த்துப் பார்த்து ஒரு மதிப்பெண் தரும் 'புரோமார்க்' என்ற பரிசோதனையை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். புரதத்துக்குப் பதிலாக மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும் டெசிஃபர், புரோலாரிஸ், ஆன்கோடைப் போன்றவையும் அங்கே உண்டு. இளைய மகன் விசாரித்த வெளிநாட்டுப் பரிசோதனை இந்த வகைதான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2020-ல் வெளியிட்ட வழிகாட்டல் இவற்றைப் பரிசீலித்தது. எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யச் சொல்லவில்லை. பி.எஸ்.ஏ., கிளீசன் போன்ற வழக்கமான விவரங்களோடு சேர்த்துப் பார்க்கும்போது, முடிவு சிகிச்சையை மாற்றக்கூடும் என்ற நிலையில் மட்டும் செய்யலாம் என்றது.

இதில் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்றால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. நிலத்தை அடகு வைத்துச் செய்யும் அளவுக்கு நிச்சயம் தேவையில்லை.

திசுப் பரிசோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஊசி எடுப்பது சுரப்பியின் மிகச் சிறிய பங்கு. ஒரே சுரப்பியில் இரண்டு மூன்று இடங்களில் வெவ்வேறு குணமுள்ள புற்று இருக்கலாம். ஊசி பட்ட இடம் சாதுவாக இருந்து, படாத இடம் தீவிரமாக இருக்கலாம். அதனால்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து, சந்தேகமான இடத்தைக் குறிபார்த்து மறுபடி பயாப்ஸி எடுக்கிறார்கள். புரதம், ஸ்கோர், ஸ்கேன், பி.எஸ்.ஏ., வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே மருத்துவரின் வேலை.

காத்திருப்பதும் சிகிச்சைதான், சிலருக்கு

பிரிட்டனில் 'புரோடெக்ட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. சுரப்பிக்குள் அடங்கிய புற்று உள்ள 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிரியக்கம், ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். சுமார் 15 ஆண்டுகளுக்குப் பிறகான முடிவு 2023-ல் வெளியானது. மூன்று பிரிவிலும் சேர்த்துப் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பிரிவுகளுக்கிடையே இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோய் பரவியவர்கள் கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதம், அறுவைப் பிரிவில் 4.7, கதிரியக்கப் பிரிவில் 5.0. மறுபுறம் அறுவைக்குச் சிறுநீர்க் கசிவு, தாம்பத்தியக் குறைபாடு என்ற விலை உண்டு. ஆகவே அவசரப்படாமல் யோசிக்க நேரம் இருக்கிறது. கண்காணிப்பு என்பது மறந்துவிடுவதும் அல்ல.

அந்த அத்தாவுக்கு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுத்தார். சந்தேகமான இடம் எதுவும் தெரியவில்லை. ஆய்வகத்தில் இருந்த அதே பிளாக்கில் பீ-டென், கே.ஐ-67 இரண்டையும் பார்க்கச் சொன்னார். பீ-டென் இருந்தது, கே.ஐ-67 குறைவு. கண்காணிப்பு என்று முடிவானது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ., மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு பயாப்ஸி. மூன்று ஆண்டுகளாகின்றன. அல்ஹம்துலில்லாஹ், முதல் ஸஃப்பில்தான் நிற்கிறார்.

நம் பிழை

இனி, எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிய காரணம். அந்த நல்ல செய்தியை நாம் மகிழ்ச்சியோடு ஒன்றிரண்டு இடங்களில் சொன்னோம். "பயப்படத் தேவையில்லை, புராஸ்டேட் கேன்சர்னா ஆபரேஷன் இல்லாமலே பார்த்துக்கலாமாம்" என்று ஜுமுஆவுக்குப் பிறகு டீக்கடையில் பேசியது நாம்தான். யாருடைய நோய், என்ன ஸ்கோர் என்பதைச் சொல்லவில்லை. அந்த வார்த்தை பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே 71 வயதுப் பெரியவர் ஒருவர். அவருக்கு கிளீசன் 4+4, பி.எஸ்.ஏ. 34. மருத்துவர் உடனே சிகிச்சை தொடங்கச் சொல்லியிருந்தார். குடும்பத்தில், "நன்னிலத்துக்காரர் சும்மாதானே இருக்கார், ஹஜ்ரத்தே சொன்னாராமே" என்று தள்ளிப்போட்டார்கள். பதினான்கு மாதம் கழித்து முதுகுவலி என்று போனபோது எலும்பில் பரவியிருந்தது. இப்போது ஹார்மோன் ஊசியில் இருக்கிறார். நாம் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். "நீங்க நல்லதுன்னுதானே சொன்னீங்க" என்றார் அவர். அந்த வார்த்தை நம்மை இன்னும் வருத்துகிறது.

தொடக்கத்திலேயே சிகிச்சை எடுத்திருந்தால் அவருக்கு என்னவாகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் அவருடைய திசு ஒன்று சொன்னது, நாம் இன்னொருவருடைய திசு சொன்னதை அவருக்குக் கொடுத்துவிட்டோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: இன்னொருவரின் அறிக்கையை வைத்து உங்கள் அத்தாவுக்கு முடிவெடுக்காதீர்கள். கிரேடு குரூப் 4, 5 உள்ளவர்களுக்குக் காத்திருப்பு பொருந்தாது. அவர்களுக்குப் புரதப் பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் கூடாது.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

1. பயாப்ஸி அறிக்கையில் இந்த மூன்றையும் தேடுங்கள்: கிளீசன் ஸ்கோர், கிரேடு குரூப், எத்தனை துணுக்குகளில் எவ்வளவு சதவீதம் புற்று. இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

2. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு 'கேன்சராம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். முழு அறிக்கையையும் படமெடுத்து அனுப்புங்கள். பாதிச் செய்தியில்தான் சண்டை பிறக்கிறது.

3. பிளாக், ஸ்லைடு இரண்டும் எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். மெழுகில் பதித்த திசு பல ஆண்டுகள் கழித்தும் பயன்படும். இரண்டாவது கருத்து கேட்கத் திருவாரூர், தஞ்சை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ போனால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, பிளாக்கையும் கேட்பார்கள். மறுபடி ஊசி போடாமலே புதிய புரதங்களைப் பார்க்கவும் அதுதான் வழி.

4. சில சமயம் திசு டப்பாவை ஆய்வகத்துக்கு எடுத்துப் போகும் பொறுப்பு உறவினரிடம் வரும். மருத்துவமனையில் ஃபார்மலினில் போட்டுத் தந்ததை அப்படியே, அன்றே சேர்த்துவிடுங்கள். திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கெட்டுப்போன திசுவில் எந்தப் புரதமும் சரியாகத் தெரியாது.

5. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள்.

6. தந்தைக்கோ சகோதரருக்கோ இந்தப் புற்று இருந்தால் மற்ற ஆண்களுக்கு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்குத்தான். புராஸ்டேட் அதில் இல்லை. ஆகவே ஐம்பதை எட்டுமுன்பே மருத்துவரிடம் பேசுவது நம் பொறுப்பு. சிறுநீரில் ரத்தம், விடாத எலும்புவலி, திடீரெனக் கால் பலவீனம் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

வெட்கமும் தொழுகையும்

நம் பெரியவர்கள் மருத்துவரிடம் போகத் தயங்குவதற்கு இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம். ஒன்று, ஆசனவாய் வழியே பரிசோதிப்பார்கள் என்ற வெட்கம். தேவையான அளவுக்கு, சிகிச்சைக்காக மருத்துவரிடம் அவ்ரத்தைத் திறப்பது கூடும் என்று ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. இதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

இரண்டாவது, "ஆபரேஷன் பண்ணா சிறுநீர் கசியுமாமே, அப்புறம் எப்படித் தொழுவது?" என்ற அச்சம். கசிவு நிற்காதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சுத்தம் செய்து, துணியோ பேடோ வைத்துக்கொண்டு, நேரம் வந்த பிறகு உளூச் செய்து தொழுதால் அந்தத் தொழுகை கூடும். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் உளூ, ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும். நுணுக்கமான விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகை போய்விடுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. சிறுநீர்ப் பையோடு பள்ளிக்கு வர ஒருவர் கூச்சப்பட்டால், அவரை விசாரித்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது ஜமாஅத்தின் கடமை.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! அத்தாவின் கையில் அப்படியொரு மஞ்சள் கவர் வந்தால், பதறி ஓடவும் வேண்டாம், பீரோவில் பூட்டி வைக்கவும் வேண்டாம். "இது எந்த வகை?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பதில் அந்தக் கவருக்குள்ளும், ஆய்வகத்தில் கிடக்கும் சிறு மெழுகுக் கட்டிக்குள்ளும் இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பெரியவருக்கும், நோயில் இருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபா தந்தருள்வானாக. ஆமீன்.